பெருக்கல் குறி போட்ட கற்கள்

"மேஸ்திரி, உங்க குழித் தண்ணி எங்க வீட்டு முத்தத்துல நிக்கு."

"இந்நா, இப்ப வெட்டி விட்டிருதேன்."

தாசையனும் எலிசாளும் முதன்முதலில் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மூன்று மழைக்காலத்துக்கு முன்பு. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மலையிறங்கும்போதெல்லாம் அந்தப் பேச்சை அவன் மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பான். அதோடு இன்னும் ஒரு வாக்கியம் சேர்க்கத்தான் இன்றுவரை தைரியம் வரவில்லை.

மேலே, பென்சிலுக்குக் காரீயம் வெட்டுகிற குழி. கீழே, எலிசாளின் வீடு. குழியிலிருந்து இறைக்கிற கறுப்புத் தண்ணீர் அந்த வீட்டுப் பக்கம் போகாமல் பார்ப்பது தாசையனின் வேலை.

குழியில் வெட்டிப் போடும் கழிவுக்கல்லை அடுக்கித் தடுப்புச் சுவராகக் கையாலை கட்டினான். பெரிய கற்களில் கம்பெனிக் கல் என்று தெரிவதற்காகச் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டான்.

கையாலை உடைந்தது. கட்டினான். மறுபடியும் உடைந்தது.

உடையும்போதெல்லாம் எலிசாளின் அப்பா ஞானையன் முற்றத்தில் நின்று கத்துவார். அவருடைய வெள்ளைக் கோழிகள் சாம்பல் நிறமாகி, காரீயச் சேற்றில் வழுக்கி வழுக்கி நடக்கும். "இந்நா போறேன், கம்பெனி துரைகிட்டயே கேக்கேன்!" என்று கிளம்புவார். பாதி வழியில் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று திரும்பிவிடுவார். மழைக்காலம் வந்தாலே அவருக்கு அந்த இடுப்புவலி.

பிறகு எலிசாள் கருப்பட்டிக் காப்பி கொண்டுவருவாள். தாசையன் முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து குடிப்பான். கேட்க வந்ததைக் கேட்காமல் தம்ளரைத் திருப்பிக் கொடுப்பான்.

அவனுக்காகப் பெண் கேட்கத் தாய் தகப்பன் இல்லை. பெண்ணைப் பெற்றவர் தாமாக முந்திக்கொண்டு கேட்கிற வழக்கமும் இல்லை.

இன்று காலை துரை சொல்லிவிட்டார். இன்னொரு தடவை கையாலை உடைந்து தம் கண்ணில் பட்டால், தாசையன் பட்டணத்தில் ஆரியசாலை கிட்டங்கிக்குப் போய் மூட்டை அடுக்க வேண்டியதுதான்.

மத்தியானம் உடைந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தான். தண்ணீர் என்றால் முதலில் சின்னக் கல்லைத்தான் உருட்டும். இங்கே சின்னக் கற்கள் எல்லாம் ஒழுங்காக ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. தட்டையாக, நல்லதாக, உட்கார வசதியாக உள்ள கல்லாகத் தேர்ந்தெடுத்துத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது.

முற்றத்துக்கு வந்தான். ஞானையன் கத்திக்கொண்டிருந்தார். காப்பி வந்தது. தாசையன் உட்கார்ந்தான்.

"நாளை முதல் நான் வரமாட்டேன். ஆரியசாலைக்கு மாத்துதாங்க," என்று தம்ளரைப் பார்த்துச் சொன்னான்.

ஞானையனின் கத்தல் பாதிச் சொல்லில் நின்றது.

தாசையன் எழுந்து திரும்பினான். கலங்கிய கண்ணோடு நின்ற எலிசாள் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதுக்குச் சிரிக்கே?"

"பின்னால பாருங்க, மேஸ்திரி."

காக்கி நிக்கரின் பின்பக்கம் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி. தன்னைக் கண்டால் குழியாட்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்பது இப்போது விளங்கியது.

உட்கார்ந்திருந்த கல்லைப் பார்த்தான். அதிலும் பெருக்கல் குறி.

கோழிக்கூட்டின் அடியில் பெருக்கல் குறி. துணி துவைக்கிற கல்லில். வாசற்படியில். முருங்கை மரத்தடியில்.

மூன்று மழைக்காலமாக அவன் கட்டிய கையாலை அந்த முற்றமெங்கும் சௌகரியமாகக் குடியிருந்தது.

"எலிசாளே, நீயா இதெல்லாம்...?"

"அது நான் தூக்குற கல்லா?"

அவள் தூக்குகிற கல் இல்லைதான். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். இல்லையென்றால், பிடிவாதக்காரர் ஒருவர்.

தாசையன் திரும்பினான். ஞானையன் அவசரமாக இரண்டு கைகளையும் பின்னால் மறைத்தார். மறைக்க முடியவில்லை. முழங்கைவரை காரீயக் கறுப்பு, புதுப் பென்சில்போல மின்னியது.

தாசையன் வழக்கம்போலத் தம்ளரை எலிசாளிடம் நீட்டினான்.

ஞானையன் பொறுத்துப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பெருக்கல் குறியின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"இனி கல்லு தூக்க எனக்குப் பெலன் இல்ல மக்கா," என்றார். "துரை பாக்கதுக்கு முன்னே எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வச்சிருவோம். உன் கால்ல விழுதேன், பொண்ணைத் தாருமுன்னு ஒரேயொரு தடவை கேட்டுத் தொலையேன்டே!"