ஒப்புதல் பட்டன்

எங்கள் அம்பத்தூர் கம்பெனியில் லீவு, ராஜினாமா எல்லாம் நான் செய்த வெப்சைட் வழியாகத்தான். அதை குரோம் பிரவுசரில் மட்டும் சோதித்துவிட்டு மார்தட்டிக்கொண்டேன். மேனேஜர் ஞானகுமாரியின் ஃபயர்ஃபாக்ஸில் ‘ஒப்புதல்’ பட்டனே இல்லை. முதலில் மாட்டியது என் ராஜினாமாதான்.

இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை முகப்பேரில் புது வேலையில் சேர வேண்டும். சரிசெய்தேன், என் கணினியின் ஃபயர்ஃபாக்ஸிலும் பட்டன் வந்தது.

“தெரியுதா மேடம்?”

“இல்லியே ராஷித்.”

“குரோம்ல தெறந்து பாருங்களேன்.”

“எனக்கு இதான் பழக்கம். நீ கட்டுன ஜெயில்ல நீயே மாட்டிக்கினியேப்பா!”

அவர் திரையில் எல்லோர் சம்பளமும் இருப்பதால் எட்டிப் பார்க்கவும் முடியாது. பத்து நாளில் பதினாறு முறை சரிசெய்தேன். கடைசி வெள்ளிக்கிழமை கும்பிட்டே விட்டேன்.

“மேடம், நெசமா சொல்லுங்க. இன்னாதான் தெரியுது?”

அவர் மானிட்டரை மெல்ல என் பக்கம் திருப்பினார்.

“நீ மொத தடவை சரி பண்ணப்பவே பட்டன் வந்துடுச்சுப்பா. எனக்குத்தான் அமுக்க மனசு வரல.”