எல்லாருக்கும் திறந்து விடு

"இன்னும் எவ்வளவு நேரம் முரண்டு பிடிப்பே? கூட்டம் கவுண்டரையே உடைச்சுடும் போலிருக்கு."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மேனேஜர் கத்தியதில் நியாயம் இருந்தது. ரிப்போர்ட் அனுப்பும் சர்வீஸ் காலையிலிருந்தே படுத்துக் கிடக்கிறது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணோ நிதானமாகத் திரையை மேய்கிறாள். எதைக் கேட்டாலும் 'பர்மிஷன் இல்லை' என்பாள். அதனால் அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் பூட்டம்மா.

"சர்வீஸ் தனி யூசர் பேர்ல ஓடுது சார். காலையில யாரோ ரூட்டா, அதான் சர்வ அதிகாரத்தோட நுழைஞ்சு, அதே புரோகிராமைக் கையால ஓட்டியிருக்காங்க. அது எழுதின ஃபைலெல்லாம் ரூட் பேருக்குப் போயிடுச்சு. இப்ப சர்வீஸால தன் ஃபைலையே தொட முடியல."

"புராணம் வேண்டாம். மொத்த ஃபோல்டருக்கும் 777 போட்டு எல்லாருக்கும் திறந்து விடு. ஒரு நிமிஷ வேலை."

"போட மாட்டேன்."

"என்னது?"

"யாருக்கு என்ன நோய்னு இங்க லாகின் இருக்குற அத்தனை பேரும் படிப்பாங்க. சாவி மாறிப்போச்சுன்னா கதவையே கழட்டுவாங்களா? எந்த ஃபைல்னு பார்த்து மாத்தறேன், பொறுங்க."

"போடலேன்னா நாளையிலேர்ந்து வராதே."

"வரல. ஆனா என் கையால 777 விழாது."

ரிப்போர்ட் கேட்டு வந்து நின்ற கவுண்டர் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "உன் சம்பளத்துலதான் வீடே ஓடுது. உனக்கு எதுக்குடி இந்த வீம்பு?"

பூட்டம்மா திரைப் பக்கம் திரும்பினாள். அந்த ஃபைல்களை மட்டும் தேடிப்பிடித்து, சர்வீஸின் பேருக்கே மாற்றினாள். சர்வீஸ் எழுந்து உட்கார்ந்தது. கவுண்டர் பிரிண்டர் ரிப்போர்ட்டுகளைத் தள்ள, கவுண்டர் பெண் அங்கே ஓடினாள்.

மேனேஜருக்கு மட்டும் சூடு ஆறவில்லை.

"எம்.டி. காரணம் கேட்பார். உன் கவனக்குறைவுன்னுதான் சொல்லப்போறேன்."

அவள் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தாராளமா சொல்லுங்க சார். ரூட் பாஸ்வேர்ட் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். காலையில நீங்க அந்தப் புரோகிராமை ஓட்டி ரிப்போர்ட் தேடின பேர் சர்வர்ல பதிஞ்சிருக்கு. உங்க மருமக பேர்."

மேனேஜர் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. அதையும் நான் யாருக்கும் திறந்து விட மாட்டேன்."