மூடிய கை

"செத்திருக்கணும், எல்லாம் செத்திருக்கணும்." பிரசவ அறை வாசலில் திருமாறன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"நல்ல நேரத்துல என்ன பேச்சு மாப்ள!" மாமியார் பதறினாள்.

கருவில் கை துடுப்பு மாதிரிதான் உருவாகும்; இடையிலுள்ள செல்கள் உரிய வேளையில் தாமாகவே செத்தால்தான் விரல்கள் பிரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் வலக்கையில் அவை சாகவில்லை. கல்யாண மோதிரத்தை இடக்கையில்தான் போட்டார்கள். ஸ்கேனில் குழந்தையின் கை மூடியே இருந்ததால் விரல்கள் பிரிந்திருக்கின்றனவா என்று தெரியவில்லை.

நர்ஸ் மகளைக் கொண்டுவந்து நீட்டினாள். இப்போதும் அதே மூடிய கை. கண்களை இறுக்கிக்கொண்டு, தன் ஒட்டிய விரல்களால் அதை மெல்லப் பிரித்தான். சின்னக் கை அவற்றைக் கப்பென்று பிடித்துக்கொண்டது.

"விரலப் பாத்தீங்களா?" உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

கண்ணைத் திறக்காமலேயே சொன்னான்: "விடமாட்டேங்கிறா."