கண்ணாடிக் கூட்டில் மூன்று சீட்டு

மிச்சமிருக்கிற நாலு பல்லின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் புளுகு கிடையாது.

நாங்கள் மூன்று பேர். நான், தையல்காரர், அச்சகத்தில் பிழை திருத்தியே கண்ணைக் கெடுத்துக்கொண்ட டச்சு. சனிக்கிழமைதோறும் பேக்கரியில் சூப்பும் ரொட்டியும்.

பில் வந்ததும் டச்சு கண்ணாடியை மாட்டிக்கொள்வார்.

"அவங்கவங்க தின்னதுக்கு அவங்கவங்க காசு. இங்கிலீஷ்ல இதுக்கு 'கோ டச்'னு பேரு. அரை ரொட்டி கூடத் தின்னது யாரு?"

பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

"இவர் செத்தா குழி வெட்டுற கூலியிலயும் நமக்குப் பங்கு போடுவாரு" என்பேன் நான்.

தையல்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கடையை மூடினார். மனைவி போன பிறகு அவர் வாய் திறந்து பேசுவதே சனிக்கிழமைதான். அதற்கும் இரண்டு வாரம் வரவில்லை.

டச்சு என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டார்.

"ஏன்யா வரல?"

"பசியில்ல. அடுத்தவன் காசுல உக்காந்து தின்னவும் மாட்டேன்."

"யாருய்யா உனக்கு வாங்கித் தரேன்னது? பங்கு போட்டுப் போட்டு எனக்கே அலுத்துப்போச்சு. இனிமே சீட்டுக் குலுக்குவோம். யார் பேரு வருதோ, மொத்த பில்லும் அவன் தலையில."

தையல்காரர் யோசித்தார். "என் பேரு வந்தா வாட்சை வித்தாவது குடுப்பேன்."

டச்சு எழுதிய மூன்று சீட்டும் அவர் கண்ணாடிக் கூட்டிலேயே கிடக்கும். வாராவாரம் எடுப்பது தையல்காரர். முதல் வாரம் டச்சு. அடுத்த வாரம் நான். அப்புறம் ஏழு வாரமும் டச்சுவேதான்.

"என் நேரமே சரியில்ல" என்று தலையில் அடித்துக்கொள்வார். தையல்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

போன மாதம் டச்சு போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்ததும் அவர் மகள் அந்தக் கூட்டைத் தையல்காரரிடம் கொடுத்தாள். நடுங்கும் விரலால் சீட்டுகளைப் பிரித்தார். மூன்றிலும் டச்சுவின் பெயர்.

"எனக்காக மூணுலயும் தன் பேரையே எழுதியிருக்கான்யா!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

டச்சு தன் பெயரை எழுதியது இரண்டில்தான்.

மூன்றாவது வாரம் அவர்கள் இருவரும் கை கழுவப் போனபோது, என் சீட்டை உருவிவிடலாம் என்று கூட்டைத் திறந்தேன். உள்ளே டச்சு, டச்சு, நான். தையல்காரர் இல்லவே இல்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தும், என்னுடையதைக் கிழித்துவிட்டு அங்கேயும் டச்சு என்றே எழுதி வைத்தேன்.

எழுத்து வேறு என்று பிழை திருத்துகிறவருக்கா தெரியாது? ஏழு வாரம். ஒரு வார்த்தை கேட்கவில்லை மனுஷன்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் தையல்காரர் காதில் போட்டுவிடாதீர்கள்.