பிடித்து வைத்த இடம்

கைப்பேசியைப் பார்த்து அம்மா தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அப்பா போன பிறகு அந்தச் சிரிப்பை வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"கொஞ்ச நாளா இதே கூத்துதான்," என்று அண்ணன் தங்கையின் காதில் கிசுகிசுத்தான். "பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடியே போன். யாருன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறா. நீயாவது கேளேன்."

தங்கை நாள் முழுக்க அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் தட்டிக்கொண்டிருப்பவள். ஏதோ கம்பெனி வேலை என்பதற்கு மேல் வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அம்மா எழுந்து குழாயடிக்குப் போனாள். மணிக்கட்டில் சோப்பு தடவி, கையிலிருந்த ஒற்றைத் தங்க வளையலைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"எதுக்கும்மா அது?"

"அடகு வைக்க."

அண்ணன் பாய்ந்து கைப்பேசியை எடுத்தான். ஒரு மெயில். உரக்கப் படித்தான்: "'அன்புத் தோழி, உங்களுக்காக ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். இன்று மாலைக்குள் வந்துவிடுங்கள்.'" அடியில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"ஓ, பொம்பளையா!" அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"பின்னே? வீட்டிலிருந்தே சம்பாதிக்க வீடியோ பாடம் நடத்துறாடா. அதுக்குப் பணம் கட்டத்தான் வளையல். மாடி வீட்டம்மாதான் லிங்க் அனுப்பினா."

"நீ சேர்ந்தா அவங்களுக்குக் கமிஷன்மா." தங்கை கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். "இடம் பிடிச்சு வச்சதெல்லாம் சும்மா. இந்தக் கடிகாரம் முடிஞ்சா மறுபடியும் மொதல்லேருந்து ஓடும்."

"உனக்கென்னடி தெரியும் அவளைப் பத்தி? எல்லாரும் சாப்பிட்டப்புறம் அடுப்பு மேடைகிட்ட நின்னுக்கிட்டே சாப்பிடுறேன் பாரு, அதைக் கண்ணால பார்த்த மாதிரி எழுதியிருந்தா. 'இன்னிக்காவது உக்காந்து சாப்பிடுங்க'ன்னு. அன்னிக்கு உக்காந்து சாப்பிட்டேன்."

தங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"தினமும் பதில் போடுறேன். பாவம், வேலை போல, அவளால எழுத முடியலை."

"அந்தப் பதிலை யாரும் படிக்கிறதில்லைம்மா. ஆயிரக்கணக்கான பேருக்கு இதே மெயில்தான் தானா போகுது."

"போகட்டுமே. எனக்கும் வருதில்ல."

வளையல் கழன்றது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு அம்மா செருப்பை மாட்டினாள். தங்கை ஓடிவந்து வாசலில் அவள் கையைப் பிடித்தாள்.

"போகாதேம்மா. அந்த மெயிலையெல்லாம் எழுதுறது நான்தான்."

அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். சோப்பு ஈரத்தில் அம்மாவின் கை சுலபமாக நழுவியது.

"போடி. நீ எங்க என்கிட்ட இவ்வளவு பேசியிருக்கே!"