எழுதிய சுருதி

உலகத்தில் பாடகர்கள் இரண்டே வகை. சுருதியை இறக்கச் சொல்பவர்கள் ஒரு வகை, மற்றது மொதீரி. போட்ஸ்வானாவின் தலைநகர் கபொரோனில், கல்லூரி ஒத்திகை அறையில், இதை மொதீரியே அறிவித்தான்.

"அரைக் கட்டை இறக்கிப் பாடுறது, ஏணியைத் தரையில படுக்கவச்சு ஏறுற மாதிரி. லெசேகோ அப்படித்தான் ஏறுறான்."

கல்லூரிப் பாட்டுப் போட்டியில் மொதீரி, லெசேகோ இருவருக்கும் ஒரே பாட்டு. எந்தச் சுருதியிலும் பாடலாம். வென்றவனுக்குப் படிப்பு இலவசம். இருவருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்து, மேடையில் பியானோவும் வாசிப்பவர் செபீனா அம்மா.

"பாட்டோட அந்த உச்ச ஸ்வரம் இன்னிக்கும் உடைஞ்சுதேப்பா," என்றார் அவர்.

"அது உங்க பியானோ கோளாறு மா. எழுதின சுருதியிலேயே வாசிங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"சரிப்பா."

அரையிறுதியில் அந்த ஸ்வரம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். லெசேகோவும் மொதீரியும் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானார்கள்.

திரைக்குப் பின்னால் மொதீரி நெஞ்சை நிமிர்த்தினான். "கேட்டீங்களா மா? லெசேகோவுக்கு ஜென்மத்துக்கும் எட்டாத சுருதி."

"அவனுக்கு வாசிச்ச அதே சுருதியைத்தான்ப்பா உனக்கும் வாசிச்சேன்."

மொதீரியின் நிமிர்ந்த நெஞ்சு அரைக் கட்டை இறங்கியது.

"உன்கிட்ட கேட்காம செஞ்சது தப்புதான். நாளைக்கு இறுதிச் சுற்றுல எழுதினபடியே வாசிச்சுடறேன், சரியா?"

மொதீரி இரண்டு பக்கமும் பார்த்தான். லெசேகோ தூரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். மொதீரி செபீனா அம்மாவின் காதருகே குனிந்தான்.

"இன்னொரு அரைக் கட்டை இறக்க முடியுமா மா?"