நல்லாக் கேக்குது

“அடுத்து நீ. காதை வெச்சுக் கேளு” என்றாள் சிஸ்டர் மனோன்மணி.

வடிவின் வயிற்றில் துடிப்பு கேட்கும் மரக்குழலை வைத்துக் குனிந்தாள் அம்சா. பிரசவ வார்டில் காலையிலிருந்து நர்ஸ் பயிற்சிக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக அந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வடிவு தென்னேரிப் பக்கத்துக்காரி. ஒன்பதாம் மாதம். ரத்தக் கொதிப்பு. முகமும் காலும் வீங்கி, கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டாள்.

‘ஏழைன்னா இப்படியா போட்டு வதைக்கிறது? இந்த சிஸ்டருக்கு இரக்கமே கிடையாதா?’ வரிசையில் நின்ற கனகமாலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“குழந்தையோட துடிப்பு கேக்குதா?” என்றாள் சிஸ்டர்.

“நல்லாக் கேக்குது சிஸ்டர். நூத்தி நாப்பது” என்றாள் அம்சா.

வடிவின் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

கனகமாலாவின் முறை வந்தது. குழலை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சொன்னால் எல்லார் எதிரிலும் சிஸ்டரிடம் திட்டு வாங்க வேண்டும்.

“கேக்குது சிஸ்டர். நூத்தி நாப்பதுதான்.”

சிஸ்டர் அவள் பக்கம் திரும்பினாள்.

“அந்தக் குழந்தை நேத்தே வயித்துக்குள்ள இறந்துபோச்சு.”

அம்சா வாயைப் பொத்திக்கொண்டாள். கனகமாலாவுக்கு முதலில் வெட்கம் வந்தது; உடனே அது கோபமாக மாறியது.

“தெரிஞ்சுக்கினேயா எங்களை விட்டு இவங்களை இந்தப் பாடு படுத்தினீங்க? உங்களுக்கு மனசே இல்லையா சிஸ்டர்?”

படுக்கையிலிருந்து வடிவுதான் பேசினாள்.

“அவங்களத் திட்டாதம்மா. வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான், இந்தப் பொண்ணுங்க கேட்டுப் பாக்கட்டும்னு கேட்டுக்கினேன்.”

“நீங்களா?”

“எங்க ஊருக்கு வர்ற நர்சம்மாவும் போன வாரம் உன்ன மாதிரிதான் நல்லாக் கேக்குதுன்னு சொல்லிட்டுப் போச்சு. சரியா கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அசைவு இருக்கசொல்லவே வண்டி கட்டிக்கினு வந்திருப்போம்.”

மூச்சு வாங்கியது அவளுக்கு. கனகமாலாவின் கையைக் குழலோடு பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

“இன்னொரு தரம் கேட்டுட்டு, உள்ளதச் சொல்லும்மா. மத்தியானம் குழந்தைய எடுத்துடுவாங்க.”